அத்தியாயம் 7: விமானக் கட்டண வரலாற்றுக் கருவிக்கு விளக்கம் எழுதும் முறை

பிடோக்கில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் தானா மேரா. அங்கே மாறி இரண்டாவது நிலையத்தில் இறங்கினால் சாங்கி விமான நிலையம். பிடோக் வீவக வீடுகளில் இருந்து ஊருக்குப் போகிற குடும்பங்களுக்கு விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர்களை உறுத்தும் கேள்வி வேறு: டிக்கெட்டை எப்போது எடுப்பது? தீபாவளிக்கு நாலு பேர் திருச்சிக்குப் போய்வர வேண்டும் என்றால், விலை ஏறிய வாரத்தில் எடுத்த டிக்கெட் பல வார மளிகைச் செலவை விழுங்கிவிடும்.

முன்பு இந்தக் கேள்வியைத் தேக்காவில் டிக்கெட் போட்டுத் தருபவரிடம் கேட்டோம். இப்போது கைப்பேசியில் இருக்கும் ஏஐ முகவரிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். முகவர் தன் நினைவிலிருந்து விலை சொல்லக் கூடாது. பதிவான கட்டணங்களை எடுத்துத் தரும் கருவி ஒன்றை அழைத்து, அதில் வந்ததை வைத்துத்தான் பேச வேண்டும். அந்தக் கருவிக்கு விளக்கம் எழுதும் முறையை இந்த அத்தியாயம் சொல்கிறது.

அத்தியாயம் முழுவதற்கும் விதி ஒன்றுதான். கட்டணம் என்ற எண்ணை அதன் நிபந்தனைகளிடமிருந்து பிரிக்காதீர்கள். எந்த நாளில் பார்த்த விலை, எந்த நாள் பயணத்துக்கு, எந்த நாணயத்தில், வரி சேர்த்தா, லக்கேஜ் சேர்த்தா என்பவை இல்லாத எண், எண்ணே இல்லாமல் இருப்பதைவிட அதிகக் கெடுதல் செய்யும்.

1. விளக்கத்தை யார் படிக்கிறார்கள்

ஒரு புரோகிராமர் கையேட்டைப் படிக்கும்போது சந்தேகம் வந்தால் எழுதியவரிடம் கேட்பார். ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, வந்த எண் விசித்திரமாக இருந்தால் நிறுத்திக்கொள்வார். முகவர் அப்படி நிறுத்தும் என்று நம்ப முடியாது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி, முகவர்களையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறை. அதில் முகவர் பக்கம் கருவிப் பட்டியலைக் கேட்டதும், சர்வர் ஒவ்வொரு கருவியின் பெயரையும் விளக்கத்தையும் உள்ளீட்டு ஸ்கீமாவையும் அனுப்புகிறது. முகவரை இயக்கும் மாடல் அவற்றைப் படித்துத்தான் பயனர் கேட்டதற்கு இந்தக் கருவி பொருந்துமா, எந்தப் புலத்தில் எதை நிரப்புவது என்று முடிவு செய்கிறது.

ஆகவே, இணையதளத்தில் நீங்கள் தனியாக வைத்திருக்கும் கையேடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த நேரத்தில் மாடலின் பார்வைக்கு வராது. விளக்கத்தில் எழுதாததை அது ஊகித்து நிரப்பும். ஊகம் தவறினாலும் சொல்லும் தொனியில் தயக்கம் தெரியாது. அதைக் கேட்டு லீவு எழுதிக் கொடுத்து, பணம் கட்டப் போகிறவர் உங்கள் இரண்டாவது வாசகர். ஒவ்வொரு வரியையும் அவரையும் மனத்தில் வைத்து எழுதுங்கள்.

2. எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே விமானத்தின் எகானமி இருக்கைகள் பல விலைப் படிகளாகப் பிரிக்கப்படுகின்றன. கீழ்ப்படியில் ஒதுக்கிய இருக்கைகள் விற்றதும் அடுத்த படியின் விலை தெரியும். விற்பனை மந்தமானால் நிறுவனம் கீழ்ப்படியை மறுபடி திறக்கலாம். செவ்வாய்க்கிழமை எடுத்தால் மலிவு என்பது போன்ற நம்பிக்கைகளை உங்கள் பதிவிலிருந்து முகவர் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லிவிடக் கூடாது. விலையை நகர்த்துவது முக்கியமாக மீதமுள்ள இருக்கைகளும் நிறுவனம் எதிர்பார்க்கும் கூட்டமும்தான்.

பழைய விலைகளை வைத்து வருங்கால விலையைச் சொல்லும் முயற்சி புதிதல்ல. 2003-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஓரன் எட்சியோனியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 41 நாட்களில் 12,000-க்கு மேற்பட்ட விலைப் பதிவுகளைத் திரட்டி, இப்போது வாங்குவதா காத்திருப்பதா என்று சொல்லும் முறையை வெளியிட்டார்கள். அதிலிருந்து ஃபேர்காஸ்ட் நிறுவனம் உருவானது. 2008-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2014-இல் அந்த விலைக் கணிப்பு நிறுத்தப்பட்டது. அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் இரண்டு உள்நாட்டு வழித்தடங்களை. பண்டிகையும் பள்ளி விடுமுறையும் கூட்டத்தைத் தீர்மானிக்கும் சிங்கப்பூர்–திருச்சி வழிக்கு அந்த முடிவுகளை அப்படியே கொண்டுவர முடியாது.

தரவு தரும் மூலமும் நிலையில்லாதது. கூகுள் 2011-இல் ஐடிஏ சாஃப்ட்வேர் நிறுவனத்தை வாங்கியது. அந்தத் தொழில்நுட்பத்தின் மேல் சிறு நிரலர்களுக்காக நடந்த கியூபிஎக்ஸ் எக்ஸ்பிரஸ் ஏபிஐ 2018 ஏப்ரலில் மூடப்பட்டது. உங்கள் பதிவுக்கான தரவு மூலம் மாறிய நாள் இருந்தால், விளக்கத்தில் அந்த நாளையும் எழுதுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் எண்கள் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல.

3. பெயரும் முதல் பத்தியும்

பலரும் முதலில் எழுதும் விளக்கம் இப்படி இருக்கும்:

> கட்டணத்_தகவல்: விமானக் கட்டணங்களைத் தரும்.

இதைப் படித்த முகவர், பயனர் இன்றைய விலை கேட்டாலும் இந்தக் கருவியைத்தான் அழைக்கும். போன வாரம் பதிவான விலையை எடுத்து, இப்போது கிடைக்கும் விலை போலச் சொல்லிவிடும். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

> கட்டண_வரலாறு_பார்: ஒரு வழித்தடத்தில் ஒரு குறிப்பிட்ட பயண நாளுக்கு, கடந்த நாட்களில் எங்கள் பதிவில் ஏறிய மிகக் குறைந்த எகானமி கட்டணங்களைத் தரும். இப்போது வாங்கக்கூடிய விலையைத் தராது. அதற்குக் கட்டணம்_தேடு கருவியை அழைக்கவும். வருங்கால விலையைக் கணிக்காது. டிக்கெட் பதிவு செய்யாது. கட்டணம் ஒரு பெரியவருக்கு, வரிகள் உட்பட. செக்-இன் லக்கேஜ் எத்தனை கிலோ சேர்ந்தது என்பது லக்கேஜ்_கிலோ புலத்தில் வரும். அது காலியாக இருந்தால், லக்கேஜ் பற்றித் தகவல் இல்லை என்று பயனரிடம் சொல்லவும். பதிவு நேரம்: தினமும் காலை 6, மாலை 6, சிங்கப்பூர் நேரம்.

பெயரிலேயே வரலாறு என்ற சொல் வந்துவிட்டது. செய்வது என்ன என்று ஒரு வாக்கியம். செய்யாதது என்ன என்று மூன்று. செய்யாததைச் சொல்லும்போது, அதைச் செய்யும் மற்றக் கருவியின் பெயரையும் சொல்லியிருக்கிறோம். "அதற்கு இல்லை" என்று மட்டும் நிறுத்தினால் மாடல் வேறு வழி தெரியாமல் இதையே அழைக்கும்.

இந்தப் பத்தியை இதற்கு மேல் நீட்டாதீர்கள். கருவி விளக்கம் ஒவ்வோர் உரையாடலிலும் மாடல் படிக்கக்கூடிய அளவில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மிச்ச விவரங்களை அந்தந்தப் புலத்தின் விளக்கத்தில் வையுங்கள்.

4. உள்ளீடுகள்

புறப்படுமிடமும் சேருமிடமும்: மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு எஸ்ஐஎன், சென்னைக்கு எம்ஏஏ, திருச்சிக்கு டிஆர்இசட், கோவைக்கு சிஜேபி, மதுரைக்கு ஐஎக்ஸ்எம். பயனர் "ஊருக்கு" என்பார். அவர் ஊர் காரைக்குடி என்றால் திருச்சியும் சரி, மதுரையும் சரி. கருவி தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. புல விளக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "பயனர் சொன்ன ஊரில் விமான நிலையம் இல்லை என்றால், எந்த விமான நிலையம் என்று அவரிடம் கேட்ட பிறகு அழைக்கவும்."

பயண நாள்: புறப்படும் விமான நிலையத்தின் உள்ளூர் தேதி என்று சொல்லிவிடுங்கள். இந்தியா சிங்கப்பூரைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நள்ளிரவை ஒட்டிய விமானங்களில் குழப்பம் உடனே வரும். "வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புறேன்" என்று சொல்பவரின் விமானம் 12.30-க்கு என்றால் அது சனிக்கிழமைத் தேதியில்தான் பதிவாகியிருக்கும். இதற்கு ஒரு வரி சேருங்கள்: "பயனர் இரவு என்று சொன்னால் அந்த நாளையும் மறுநாளையும் தனித்தனியாக அழைத்துப் பார்க்கவும்."

பயண வகை: ஒருவழி, போய்வர என்று இரண்டே மதிப்புகளை ஸ்கீமாவில் அடைத்துவிடுங்கள். மலிவு விமானச் சேவைகளில் பெரும்பாலும் இரண்டு ஒருவழிக் கட்டணங்களின் கூட்டுத்தொகைதான் போய்வர ஆகும் செலவு. முழுச் சேவை நிறுவனங்களில் போய்வரும் டிக்கெட், இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அதனால் ஒருவழிப் பதிவை இரண்டால் பெருக்கிச் சொல்ல வேண்டாம் என்று விளக்கத்திலேயே தடை போடுங்கள்.

பின்னோக்கும் நாட்கள்: காலியாக விட்டால் எத்தனை நாள் எடுத்துக்கொள்வீர்கள், அதிகபட்சம் எத்தனை நாள் தருவீர்கள் என்ற இரண்டு எண்களும் வேண்டும். இயல்பு மதிப்பு எழுதப்படாமல் இருந்தால், 60 நாள் பதிவைப் பார்த்துவிட்டு "இந்த வருஷத்திலேயே இதுதான் குறைவு" என்று முகவர் சொல்ல வாய்ப்புண்டு.

5. திரும்பி வரும் விடை

கட்டண வரலாற்றில் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று பயண நாள். மற்றது அந்த விலையை நாம் பார்த்த நாள். இரண்டையும் வெறுமனே "தேதி" என்று பெயரிட்டுவிடுவது இந்தக் கருவிகளில் எளிதில் நுழையும் கோளாறு. ஒரு பதிவு இப்படி இருக்கட்டும் (இந்த அத்தியாயத்தில் வரும் விலைகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக எழுதியவை):

> வழித்தடம்: எஸ்ஐஎன் – டிஆர்இசட்
> பயண_நாள்: 2026-11-06
> பார்த்த_நேரம்: 2026-08-14, 06:00, சிங்கப்பூர் நேரம்
> மொத்தக்_கட்டணம்: 214.00
> நாணயம்: எஸ்ஜிடி
> பயண_வகை: ஒருவழி, ஒரு பெரியவர்
> வரிகள்: சேர்ந்தவை
> லக்கேஜ்_கிலோ: 0
> நிலை: பதிவானது

லக்கேஜ் புலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மலிவு விமானச் சேவையான ஸ்கூட்டின் அடிப்படை எகானமி டிக்கெட்டில் செக்-இன் லக்கேஜ் கிடையாது. அதைச் சேர்த்து எடுத்தால் விலை வேறு. வேறு சில டிக்கெட்டுகளில் லக்கேஜ் உள்ளேயே அடங்கியிருக்கும். ஊருக்குப் பெட்டி இல்லாமல் போகிற குடும்பம் அபூர்வம். லக்கேஜ் இல்லாத 198 வெள்ளியையும் லக்கேஜ் சேர்ந்த 230 வெள்ளியையும் ஒரே வரிசையில் வைத்து முதலாவது மலிவு என்று முகவர் சொன்னால், பணம் கட்டும் பக்கத்தில்தான் உண்மை தெரியும். இந்தப் புலத்தில் 0 என்றால் லக்கேஜ் இல்லை, காலி என்றால் தெரியாது. இரண்டையும் வேறுபடுத்தி எழுதுங்கள்.

நாணயத்தில், பார்த்தபோது இருந்த நாணயத்தையே தாருங்கள். இந்தியாவில் ரூபாயில் பார்த்த பழைய விலைகளை இன்றைய மாற்று விகிதத்தில் வெள்ளியாக்கினால், விலையின் ஏற்ற இறக்கத்தோடு நாணய மதிப்பின் ஏற்ற இறக்கமும் கலந்துவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த நாளின் விகிதம் என்று தனிப் புலம் வையுங்கள்.

நிலை என்ற கடைசிப் புலத்துக்கு நான்கு மதிப்புகள் போதும்: பதிவானது, விற்றுத்தீர்ந்தது, விமானம் இல்லை, பதிவு தவறியது. இந்த நான்கும் இல்லாமல் வெறும் காலி இடமாக விட்டால், நம் சர்வர் ஒரு நாள் படுத்துவிட்டதையும் தீபாவளி விமானம் நிரம்பிவிட்டதையும் மாடலால் பிரித்தறிய முடியாது. விற்றுத்தீர்ந்த நாட்களைக் கணக்கில் எடுக்காத சராசரி, உண்மை நிலவரத்தைவிட மலிவாகத் தோன்றக்கூடும்.

கணக்கை மாடலிடம் விடாதீர்கள். நூறு பதிவுகளைக் கொடுத்து நடு மதிப்பைக் கண்டுபிடி என்றால் அது பிழை செய்யலாம். குறைந்தபட்சம், முதல் கால், நடு, மூன்றாம் கால், அதிகபட்சம் என்ற ஐந்து எண்களைக் கருவியே கணக்கிட்டுத் தரட்டும். அமேடியஸ் நிறுவனத்தின் கட்டண அளவீட்டு ஏபிஐயும் இந்த ஐந்தையே தந்தது. கூடவே எத்தனை பதிவுகளிலிருந்து வந்த கணக்கு என்ற எண்ணும் வேண்டும். ஐந்து பதிவை வரலாறு என்று சொல்லக் கூடாது.

6. ஒப்பிடக் கூடாத காலங்கள்

"போன வருஷம் இதே நேரத்துல எவ்வளவு இருந்துச்சு?" நம் மக்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. அதே ஆங்கிலத் தேதியை எடுத்துப் பார்ப்பது முகவருக்கு எளிது. ஆனால் தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. 2026 நவம்பர் 6-ஐ 2025 நவம்பர் 6-உடன் ஒப்பிட்டால், பண்டிகைக்கு இரண்டு நாள் முந்தைய விலையைப் பண்டிகை முடிந்து இரண்டரை வாரம் ஆன விலையோடு ஒப்பிடுகிறோம். விடை பயங்கரமான விலையேற்றமாகத் தெரியும். 2025-இல் அதற்கு இணையான நாள் அக்டோபர் 18.

இதற்குக் கருவியில் "பண்டிகைக்கு எத்தனை நாள் முன்" என்ற உள்ளீடு ஒன்றைச் சேர்த்து, பண்டிகைத் தேதிகளைக் கருவியே வைத்திருக்கட்டும். அதன் விளக்கம்: "தீபாவளியை ஒட்டிய பயணங்களை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட இந்த உள்ளீட்டை மட்டும் பயன்படுத்தவும், ஆங்கிலத் தேதியால் ஒப்பிட வேண்டாம்." பொங்கல் ஜனவரி நடுவிலேயே வருவதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் விடுமுறையும் நவம்பர் பிற்பாதியில் தொடங்கும் ஆண்டிறுதி விடுமுறையும் சில நாட்கள் முன்பின் நகரும். அவற்றையும் ஆண்டுதோறும் புதுப்பியுங்கள்.

கொரோனா ஆண்டுகளைத் தனியாகக் குறியுங்கள். இந்தியா வழக்கமான பன்னாட்டுப் பயணிகள் விமானச் சேவையை 2020 மார்ச் 23 முதல் நிறுத்தி, 2022 மார்ச் 27-இல்தான் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பறந்தவை சிறப்பு ஏற்பாட்டு விமானங்கள். அந்தக் காலத்துப் பதிவுகள் ஒப்பீட்டுக்குள் வராமல் கருவியே விலக்க வேண்டும். விலக்கியதை விடையில் சொல்லவும் வேண்டும்.

விலையில் தெரியும் சில ஏற்றங்கள் விமான நிறுவனம் செய்தவை அல்ல. சாங்கியிலிருந்து பயணம் தொடங்குவோர் டிக்கெட்டோடு செலுத்தும் விமான நிலையக் கட்டணங்களும் தீர்வைகளும் சேர்ந்து 2022 நவம்பரில் 59.20 வெள்ளி, 2023 ஏப்ரலில் 62.20, 2024 ஏப்ரலில் 65.20. மொத்த விலையை மட்டும் பார்த்தால் அந்த மாதங்களில் நிறுவனம் விலையேற்றியது போலத் தோன்றும். இத்தகைய மாற்றங்களின் தேதிகளை "குறிப்புகள்" என்ற புலத்தில் விடையோடு அனுப்புங்கள்.

7. பிழைச் செய்திகள்

பிழைச் செய்தியும் மாடல் படிக்கும் விளக்கம்தான். "பிழை 400" என்று அனுப்பினால் அது அதே தவறை மறுபடி செய்யும், அல்லது கைவிட்டுவிட்டுத் தன் நினைவிலிருந்து ஒரு விலை சொல்லும். எம்சிபி முறையில், கருவி ஓடியபோது நேர்ந்த பிழையை விடைக்குள்ளேயே பிழை என்று குறித்து அனுப்பலாம். மாடல் அதைப் படித்துத் திருத்திக்கொள்ளும். என்ன தவறு, எப்படித் திருத்துவது, பயனரிடம் என்ன சொல்வது ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும்:

> இந்த வழித்தடத்தில் எங்களிடம் பதிவு இல்லை. வேறு வழித்தடத்தின் விலையைக் கொண்டு ஊகிக்க வேண்டாம். பயனரிடம் "இந்த வழிக்குப் பழைய விலை பதிவு இல்லை" என்று சொல்லி, இன்றைய விலைக்குக் கட்டணம்_தேடு கருவியை அழைக்கவும்.

8. சோதித்துப் பாருங்கள்

விளக்கம் சரியா என்பது பயனர் பேசும் தமிழில் கேட்டால்தான் தெரியும். உங்கள் புளோக்கில் இருக்கும் நாலைந்து வீட்டாரிடம் ஊருக்குப் போவது பற்றி எப்படிக் கேட்பார்கள் என்று விசாரித்து, அந்த வாக்கியங்களையே பயன்படுத்துங்கள். உதாரணத்துக்கு ஒன்று:

"தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி திருச்சிக்குப் போகணும், நாலு பேரு. இப்பவே எடுத்துடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?"

விளக்கம் மோசமாக இருந்தால் வரும் விடை: "விலை குறைய வாய்ப்புள்ளது, இரண்டு வாரம் காத்திருங்கள்." நல்ல விளக்கம் இருந்தால் இப்படி வர வேண்டும்:

"நவம்பர் 6-ஆம் தேதிக்கான ஒருவழிக் கட்டணம் கடந்த 60 நாட்களில் 112 முறை பதிவாகியிருக்கிறது. ஒருவருக்கு 198 முதல் 262 வெள்ளி வரை இருந்தது. பாதிப் பதிவுகள் 221 வெள்ளிக்குக் கீழே. இவை லக்கேஜ் சேராத விலைகள். இப்போது தேடியதில் ஒருவருக்கு 209 வெள்ளி, அதுவும் லக்கேஜ் இல்லாமல். பதிவான விலைகளில் இது கீழ்ப்பாதியில் வருகிறது. இனிமேல் ஏறுமா இறங்குமா என்பதை இந்தப் பதிவு சொல்லாது. நாலு பேருக்கும் லக்கேஜோடு இதே விமானத்தில் என்ன விலை வருகிறது என்று பார்த்துச் சொல்லட்டுமா?"

கடைசிக் கேள்வி முக்கியமானது. கீழ்ப்படியில் இரண்டே இருக்கைகள் மிச்சம் இருக்கும்போது நாலு பேருக்குச் சேர்த்துத் தேடினால், நாலு பேருக்கும் மேல்படி விலையே வரக்கூடும். ஒருவருக்கான பதிவை நாலால் பெருக்க வேண்டாம் என்ற ஒரு வரி உங்கள் விளக்கத்தில் இருந்தால்தான் முகவர் இப்படிக் கேட்கும்.

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றைச் சரிபாருங்கள்: சரியான கருவியை அழைத்ததா, உள்ளீடுகளைச் சரியாக நிரப்பியதா, வந்த நிபந்தனைகளைப் பயனரிடம் சொன்னதா. மூன்றாவதில்தான் நிறையக் கோளாறு வெளிப்படும். ஒரே மாடலோடு நிறுத்தாமல் வேறொன்றிலும் ஓட்டிப் பாருங்கள். தவறு வந்தால் முதலில் திருத்த வேண்டியது விளக்கத்தை.

9. வெளியிடும் முன்

- பெயரைப் பார்த்தாலே இது பழைய விலை என்று தெரிகிறதா?
- செய்யாதவை எழுதப்பட்டு, மாற்றுக் கருவியின் பெயர் தரப்பட்டிருக்கிறதா?
- பயண நாளும் பார்த்த நேரமும் தனித்தனிப் பெயரில் இருக்கின்றனவா?
- நாணயம், வரி, லக்கேஜ், பயண வகை ஒவ்வொரு விலையோடும் வருகின்றனவா?
- காலி, 0, விற்றுத்தீர்ந்தது, பதிவு தவறியது ஆகியவை பிரிந்திருக்கின்றனவா?
- பதிவுகளின் எண்ணிக்கை விடையில் இருக்கிறதா?
- தீபாவளி ஒப்பீடு பண்டிகை நாளை வைத்து நடக்கிறதா?
- விலக்கிய காலங்களும் மூலம் மாறிய தேதிகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா?
- விளக்கத்துக்குப் பதிப்பு எண்ணும் திருத்திய தேதியும் உண்டா?

கட்டணமோ தீர்வையோ தரவு மூலமோ மாறும் அன்றே விளக்கத்தையும் திருத்துங்கள். நிரல் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று தள்ளிப்போட்டால், பழைய நிபந்தனையை நம்பிப் புது விலையைச் சொல்லும் முகவரிடம் யாரோ ஒருவர் ஏமாறுவார். வருஷத்துக்கு ஒரே தடவை ஊருக்குப் போகிறவருக்கு அந்த ஒரு டிக்கெட்தான் அந்த வருஷத்தின் பெரிய செலவு. எடுப்பதா பொறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. அந்த முடிவுக்கு வேண்டிய எல்லா நிபந்தனைகளும் அவர் காதுக்குப் போய்ச் சேரும்படி எழுதுவது நம் வேலை.